பூட்டிய அறையில் ஒரு குவளை நீர்

நீர் இன்றும் குறைந்திருந்தது. நேற்றுக் காலை தளும்பத் தளும்ப நிரப்பி வைத்த குவளையில் பழைய மட்டம் ஒரு மெல்லிய வெண்கோடாகக் காய்ந்து நிற்க, அதற்கு ஒரு நகக்கண் அளவு கீழே இன்றைய நீர் அசைவற்றுக் கிடந்தது. ஞானாம்பிகை வாசலைத் தாண்டாமலே எட்டிப் பார்த்தாள்; பார்த்ததும், பார்த்திருக்க வேண்டாமே என்று நினைத்தாள்; நினைத்தபடியே கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். இது பாலைநிலம், இங்கே காற்றில் ஈரம் என்பதே இல்லை, துவைத்த போர்வையைக் கொடியில் விரித்துவிட்டுத் திரும்புமுன் அது மொறுமொறுத்துப் போகிறது, மனிதரின் உதட்டையே உறிஞ்சிக் குடிக்கிற காற்று ஒரு குவளை நீரை மட்டும் விட்டு வைக்குமா என்று அறிவு சொன்னது. அறிவு சொன்னதை நெஞ்சு பணிவோடு கேட்டுக்கொண்டது, ஆமாம் என்று தலையையும் ஆட்டியது, பிறகு தன் பாட்டில், தாகம், என்றது. கதவின் அடியில் நூலளவு வெளிச்சம் கசிந்தது. குழந்தைகள் இருளுக்கு அஞ்சாதிருக்கச் சுவரில் சொருகுகிற, நிலா வடிவிலான சின்னஞ்சிறு மின்விளக்கு அது. ஊரின் ஒரே கடையில் வாங்கியது. ஒட்சிசன் உருளைகள் இருக்கும், அவள் பணிசெய்கிற இந்த முதியோர் இல்லத்தில் திரி கொளுத்த முடியாது. இறைவனுக்குத் தெரியாதா, எண்ணெயும் நெய்யும் இல்லாத இடத்தில் மின்சாரமும் அவனுடைய சோதிதானே என்று தனக்குள் வாதாடித்தான் அதைச் சொருகினாள். மூத்தவர் கண்மூடிய அன்று சொருகியது. அதன்பின் அணையவில்லை. அணைக்க வேண்டும். இன்றைக்கே, பெண்கள் வந்து சேருமுன்னே, அணைத்துக் குவளையையும் எடுத்துவிட வேண்டும். பூட்டின் திறப்பு அவளுடைய கையில்தான் இருந்தது. கை அதைச் சட்டைப் பைக்குள் போட்டது.

மூத்தவர் என்றுதான் இப்போது நினைக்க வேண்டும், அந்த அறையில் இருந்த அக்காள் தங்கை இருவரில் மூத்தவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, நல்ல பெயர், இரண்டு மணிகளை ஒன்றோடொன்று தட்டினாற்போன்ற ஓசை. இறந்த கணத்திலிருந்து அதை இந்தப் பழங்குடி ஊரில் ஒருவரும் உச்சரிப்பதில்லை. அதே பெயர் கொண்ட கடைக்காரப் பெண்ணை அன்று மாலையே வேறு சொல்லால் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். பெயரைச் சொன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார், திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவார், நின்றவர் தம் மண்ணுக்குப் போய்ச் சேரமாட்டார், தாமும் துன்புற்று இருப்பவரையும் துன்புறுத்துவார். ஆகவே அவருடைய படங்களைச் சுவரிலிருந்து இறக்கினார்கள், முற்றத்து மணலில் அவருடைய சக்கர நாற்காலி விட்ட தடங்களைக் கிளைகளால் கூட்டி அழித்தார்கள், அறையைப் பூட்டச் சொன்னார்கள். பச்சை இலைகளை எரித்துப் புகையிட வேண்டிய உறவுமுறைப் பெண்கள் வேறோர் ஊரில் வேறொரு சாவில் இருந்தார்கள். அவர்கள் வந்து புகையிட்டால்தான் அந்த அறையில் இன்னொருவர் தலைசாய்க்கலாம். ஞானாம்பிகைக்கு இதில் ஒன்றும் புதுமையாகப் படவில்லை. அவளுடைய அம்மா கட்டிய கணவனின் பெயரைச் சாகும்வரை வாயால் சொன்னதில்லை. பெயருக்கு உயிர் உண்டு என்பதை யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இறந்தவரை என்ன செய்வது என்பதில் இரண்டு ஊர்களும் எதிரெதிர்த் திசையில் போயின. இவர்கள் அன்றே வழியனுப்புகிறார்கள். அவளுடைய ஊரிலோ இறந்த உயிர் முப்பத்தோராம் நாள்வரை வீட்டுக்குள்ளேயே சுற்றும். அதற்கு விளக்கு வேண்டும், தாகத்துக்கு நீர் வேண்டும், உறவின் குரல் வேண்டும். அன்பு மிகுதியினால் அவள் செய்தது, இவர்களுடைய கணக்கில், ஓர் உயிரின் முந்தானையைப் பிடித்து இழுத்து வைத்திருப்பது. அந்த எண்ணம் வந்தபோதெல்லாம் மனம் அதைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனது, பள்ளத்தைச் சுற்றிப் போகிற மாடு போல.

“நபல்ஜாரி!” என்று விறாந்தையிலிருந்து குரல் வந்தது. அது அவளுக்கு இங்கே கிடைத்த பெயர். இந்த ஊரில் ஒவ்வொருவரும் ஓர் உறவுக் குழுவுக்குள் பிறக்கிறார்கள்; வெளியே இருந்து வந்து பணிசெய்கிறவரையும் ஏதாவது ஒன்றுக்குள் உட்கார வைத்தால்தான் எப்படி அழைப்பது, யாரோடு சிரிப்பது, யாரைக் கண்டு ஒதுங்குவது என்று தெரியும். மூத்தவரும் அவருடைய தங்கையும் நங்களா என்ற குழு. நங்களாவின் மகள் நபல்ஜாரி. அப்படியானால் நீங்கள் எனக்கு அம்மா, அம்மாவின் தங்கை எனக்குச் சின்னம்மா, அவர் பெற்றவர்கள் எனக்குக் கூடப்பிறந்தவர்கள், மாமன் மக்கள் மட்டும் வேறு, அப்படித்தானே என்று வந்த முதல் வாரமே அவள் சொன்னபோது இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இதை இவளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?” என்றார் மூத்தவர். ஒருவரும் சொல்லித் தரவில்லை, எங்களுக்கும் அப்படித்தான் என்றாள். அன்றிலிருந்து தங்கைக்காரர் அவளுக்குச் சின்னம்மா. வாயில் நுழையாத அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவர் பொக்கைவாயால் சிரிப்பார்.

இன்று சிரிக்கவில்லை. விறாந்தையில் கம்பளிகளுக்குள் புதைந்து, நெருப்புக் குழியைப் பார்த்தபடி, சக்கரம் வைத்த சாய்வு நாற்காலியில் கிடந்தார். அக்காள் இறந்த நாளிலிருந்து அங்கேதான் படுக்கை. இருவருக்கும் ஒரே அறை. பூட்டிய அந்த அறைக்குள்தான் அவருடைய கட்டிலும் இருந்தது. வேறு கட்டில் காலியில்லை. விடியற்காலைகளில் மணலின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்தது.

“என்ன சின்னம்மா?”

“என்னைத் தூக்கிக்கொண்டு போற பிளேன் வந்திட்டுதோ?”

“நாளைக்குத்தான். அதுவும் நீங்கள் இண்டைக்கு உள்ளே படுக்காவிட்டால்.”

“உன்ர ஜில்லியன் நெஞ்சில குழாயை வச்சுக் கேட்டாள். உள்ளே என்ன பாட்டுப் போகுதெண்டு கேட்டன். தண்ணி சேர்ந்திருக்காம். மழையே இல்லாத ஊரில எனக்குள்ள மட்டும் தண்ணி!” என்று சொல்லிச் சிரிக்கப் போய், சிரிப்பு இருமலாகி, இருமல் ஊளையாகி, ஞானாம்பிகை முதுகைத் தடவிக்கொண்டே நிற்க, கடைசியில் மூச்சு வந்தது. “நகரத்து ஆசுப்பத்திரி மணம் எனக்குத் தெரியும். அங்கே என்னைச் சுவரைப் பாக்கக் கிடத்துவினம். நான் சுவரைப் பாத்தபடி சாகிறதுக்கோ இவ்வளவு நாளும் இருந்தனான்?”

ஜில்லியன் கெட்டவள் அல்லள். இல்லத்தின் தாதியாகவும் பொறுப்பாளராகவும் இருப்பவள். உறவுப் பெண்களுக்குத் தானே தொலைபேசி எடுத்து, வாகனத்துக்கு எரிபொருளும் அனுப்பி, இன்னும் இரண்டு நாள், இன்னும் ஒரு நாள் என்று வைத்தியரிடம் கெஞ்சிப் பார்த்தவள். காலையில் அவள் சொன்னது இதுதான்: இன்னோர் இரவு வெளியே என்றால் அந்த நுரையீரல் தாங்காது, இன்று மாலை பெண்கள் வந்து புகையிட்டு, அவர் மனம் ஒப்பி உள்ளே படுத்தால் சரி, இல்லாவிட்டால் நாளை அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. மனம் ஒப்பி. அந்தச் சொல்லில்தான் எல்லாம் தொங்கியது. ஏனென்றால் கிழவி காலையிலேயே ஞானாம்பிகையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் காதருகில் சொல்லியிருந்தார்: “அவள் போகேல்லை. கதவுக்குக் கீழே வெளிச்சம் நிக்குது. புகையடிச்சாலும் போகமாட்டாள் போல இருக்கு.” அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் வைத்த விளக்கு சின்னம்மா, பேயுமில்லை பிசாசுமில்லை என்று. வாய் திறந்தது; தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டது.

தேநீர் போடக் குசினிப் பக்கம் நடந்தாள். நடை அவளை இட்டுச் சென்றது, அவள் நடையை இட்டுச் செல்லவில்லை. இந்த இல்லத்தைக் கட்டும்போது ஊர்க் கிழவர்கள் மணலில் கோடு போட்டுக் காட்டினார்களாம்: ஆண்களுக்கு இந்தப் பக்கம், பெண்களுக்கு அந்தப் பக்கம், நடுவில் ஒருவரும் யாருடைய முகத்தையும் தற்செயலாகப் பார்த்துவிடாதபடி இரண்டு வழிகள், ஏனென்றால் மாமியாரும் மருமகனும் எதிர்ப்படக்கூடாது. கட்டில்களுக்குச் சக்கரம் வேண்டும், வெளியே தள்ளிக்கொண்டு வந்து நட்சத்திரத்தின் கீழ்ப் படுக்க. நெருப்பு வேண்டும். மெல்பேர்னில் அவள் வேலை செய்த இல்லத்தில் கம்பளம் விரித்திருந்தது, தொலைக்காட்சி ஓயாமல் ஓடியது, ஒருவர் இறந்தால் மதியத்துக்குள் படுக்கை விரிப்பை மாற்றி மறுநாள் இன்னொருவர். யாரும் யாருக்காகவும் அஞ்சவில்லை. அங்கே அவளுக்கு ஓர் அச்சமும் இருந்ததில்லை, ஒரு நிம்மதியும் இருந்ததில்லை. இங்கே வந்த பிறகுதான் இறந்தவர்கள் இடம் கேட்கிறார்கள் என்ற நினைவு அவளுக்குத் திரும்ப வந்தது. வெள்ளிக்கிழமைகளில் கங்காருவின் வாலைச் சாம்பலுக்குள் புதைத்துச் சுடுவார்கள்; பிறந்ததிலிருந்து மரக்கறி தவிர வேறு தொடாத அவள், பதிகத்தை வாய்க்குள் முணுமுணுத்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நெருப்பைக் கிளறுவாள். “பாட்டுப் பாடினால் வால் வேகாது, ரோமத்தை நல்லாக் கருக்கு” என்று மூத்தவர் அதட்டுவார். அதட்டிவிட்டுத் தம் பங்கில் ஒரு துண்டை நீட்டுவார், அவள் பின்வாங்குவதைப் பார்க்க. அந்தக் கைகள். கடைசி நாட்களில் காய்ந்த சருகாகி, நகங்கள் மட்டும் நீண்டு. அவள்தான் வெட்டினாள். வெட்டிய நகங்களை எங்கே போட்டோம் என்று இப்போது தேடிப் பார்த்தாள், நினைவில் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது, அவையும் அவரை இங்கே பிடித்து வைக்குமோ?

மூத்தவர் இறந்த அன்றும் இதே வெயில். மகளும் உறவினரும் கம்பளி எடுத்துவர ஊருக்குள் போயிருந்த சிறுபொழுது, இளையவர் வெளியே நெருப்படியில், அவள் மட்டும் கட்டிலோரம். மூச்சு இழுத்து, நின்று, யோசித்து, மீண்டும் இழுத்தது. அவள் குனிந்து அந்தக் காதில் ஐந்தெழுத்தைச் சொன்னாள். வேறு எதைச் சொல்வது? தன்னிடமிருந்த ஒரே பொன் அதுதான். யாருடைய உயிராக இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்பவன் ஊர் பார்ப்பானா, பாசை பார்ப்பானா? பிறகு மூச்சு நின்றது. பிறகு கழுவினாள். எத்தனையோ உடல்களைக் கழுவிய கை. உயிர் பிரிந்த பின்னும் பெயர் சொல்லி அழை, செய்வதைச் சொல்லிச் செய், அதுதான் மரியாதை என்று மெல்பேர்னில் பயிற்சியில் படிப்பித்திருந்தார்கள், ஆகவே அவள் வழக்கம்போலப் பெயரைச் சொன்னாள், இப்ப முகம் துடைக்கிறன், இப்ப கையைத் தாங்கோ, என்று. ஒவ்வொரு முறையும் பெயர், அந்த இரண்டு மணிகள், மூடிய அறைக்குள், இறந்தவரின் தலைமாட்டில். எத்தனை தரம் சொன்னாள்? எண்ணவில்லை. ஒவ்வொரு தரமும் ஒரு முடிச்சு என்றால்? நேற்றுப் பகல் அந்த அறையின் அழைப்புமணி தானாக ஒளிர்ந்தது; மின்வேலைக்காரன் பொத்தானுக்குள் மணல் போயிருக்கிறது என்றான். மணல்தான். எங்கும்தான் மணல். இரு நொடி ஒளிர்ந்து, அவள் அணைத்ததும் அணைந்தது. வரவேண்டாம், சும்மா கூப்பிட்டேன் என்பதுபோல.

இல்லை, நினைக்க வேண்டியது அதுவல்ல. நினைக்க வேண்டியது எளியது: உள்ளே போ, சொருகியதைப் பிடுங்கு, குவளையை எடு, கழுவு, கவிழ்த்து வை. ஒருவருக்கும் தெரியாது. கதவடி இருண்டுவிடும். கிழவி, புகை போட்டார்கள், அக்காள் போய்விட்டாள் என்று நம்பி உள்ளே படுப்பார். இத்தனை எளியதை ஏன் செய்ய முடியவில்லை? ஏனென்றால் முப்பத்தோராம் நாள் இன்னும் வரவில்லை. பாதி வழியில் விளக்கை அணைப்பதா? குடித்துக்கொண்டிருக்கும்போது குவளையைப் பறிப்பதா? இதுவும் காரணந்தான்; ஆனால் இதற்குக் கீழே இன்னொன்று கிடந்தது. அதை அவள் நேருக்கு நேர் பார்ப்பதில்லை. அது எப்போதும் ஒரு தறப்பாளின் படபடப்பாகத்தான் தொடங்கும். போரின் கடைசி மாதங்களில், வன்னியில், கடற்கரை மணலில் கட்டிய கொட்டில், மேலே கூரையாக இழுத்துக் கட்டிய நீலத் தறப்பாள். அவள் பார்த்ததில்லை. அப்போது அவள் மெல்பேர்னில், சுடுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு யாரோ ஒருவரின் தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அந்தப் படபடப்பு அவளுக்குக் கேட்கும். கடைசியாக வந்த தொலைபேசியில் அம்மாவின் குரலுக்குப் பின்னால் அது இருந்தது. “தண்ணிக்குத்தான் பிள்ளை கஷ்டம். மற்றதெல்லாம் பழகியாச்சு” என்றார் அம்மா. பிறகு தொடர்பு அறுந்தது. நெடுநாள் கழித்து அயலில் இருந்த ஒருத்தி முகாமிலிருந்து பேசிச் சாவைச் சொன்னாள்: அம்மா மோசம் போயிட்டா. எப்ப? மாசி கடைசியோ, பங்குனி முதலோ, நாங்கள் ஓடிக்கொண்டிருந்தனாங்கள், நாள் பாக்கேல்லை. கோயிலில் ஐயர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். “நாள் தெரியாட்டில் அமாவாசையை எடுங்கோ அம்மா. இப்ப எங்கட சனத்தில எத்தினை பேருக்கு அமாவாசைதான்.” அமாவாசையை எடுத்தாள். எள்ளும் நீரும் இறைத்தாள். ஆனால் விளக்கு வைக்கவில்லை, எந்த நாளிலிருந்து எண்ணி வைப்பது? தலைமாட்டில் நீர் வைக்கவில்லை, எந்தத் தலைமாடு? அந்த ஒரு மாதம் அம்மா எந்த வீட்டுக்குள் சுற்றியிருப்பார், வீடே இல்லாத இடத்தில்? பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அறிவுக்குத் தெரியும், இறைவன் திருவடிக்கு வழி தெரியாத உயிர் இல்லை. அதை அவள் நாள்தோறும் காலையில் ஓதுகிறாள். ஓதி முடித்து எழும்போது தறப்பாள் படபடக்கிறது.

செம்மண் பாதையின் கோடியில் புழுதி எழுந்தது. அவள் குசினி யன்னலில் நின்று அதைப் பார்த்தாள். இப்போது போனால் போதும், அவர்கள் வந்து இறங்கிக் கைகொடுத்து அழுது முடிக்குமுன் இரண்டு தரம் அணைத்துவிடலாம். திறப்பைப் பிடித்தபடி அறைவாசல்வரை போனாள். பூட்டில் திறப்பை இட்டாள். உள்ளே ஓசையில்லை. ஓசையில்லாமை ஒரு மூச்சைப் பிடித்து வைத்திருப்பதுபோல இருந்தது, கதவின் அந்தப் பக்கத்தில், அவளுடைய உயரத்தில். திறந்தால் மூத்தவர் இருப்பார் என்ற பயம் அல்ல அது. திறந்து அணைத்துவிட்டால் ஒருவரும் இல்லாமல் போவார் என்ற பயம். திறப்பைத் திருப்பாமலே நின்றாள். பின்னால் பெண்களின் அழுகுரல் எழுந்தது, முறைப்படி, அலையலையாக, நின்றது, பிறகு காலடிகள்.

முன்னால் வந்தவள் டோரிஸ், மூத்தவருடைய கணவரின் தங்கை, புகையிடும் உரிமை உள்ளவள். காற்பந்துக் குழுவொன்றின் கம்பளித் தொப்பி அணிந்த பெரிய உருவம். பின்னால் இரண்டு பெண்கள் பச்சைக் கிளைகளையும் தணல் நிரப்பிய தகரத்தையும் சுமந்து வந்தார்கள். இளையவரையும் நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து சற்று எட்ட நிறுத்தியிருந்தார்கள்.

“கீழே பாருங்கோ” என்றார் இளையவர். “வெளிச்சம். நான் சொன்னால் ஒருத்தரும் நம்பேல்லை.”

டோரிஸ் பார்த்தாள். கிளை சுமந்த பெண்கள் ஓரடி பின்வாங்கினார்கள். இளையவரின் கை நாற்காலிச் சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தது. அந்தப் பிடியை ஞானாம்பிகை கண்டாள். இந்த அச்சம் புகையால் போகாது. இந்த அச்சத்தோடு இவர் உள்ளே படுக்கமாட்டார், நாளை விமானம், பிறகு சுவர். அது நான் செய்தது.

“அது நான் வச்ச லைற்” என்றாள்.

“நீயா?” என்றாள் டோரிஸ்.

“நான்தான். எங்கட ஊர் வழக்கம். செத்தவைக்கு வெளிச்சமும் தண்ணியும் வைப்பம். இருட்டில வழி தெரியாது. தாகம் எடுக்கும்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“ஒரு மாதம்.”

“ஒரு மாதமா! ஏனடி நபல்ஜாரி, நாங்கள் ஓட்டிவிட வாறம், நீ குடிக்கக் குடுத்து விருந்து வச்சிருக்கிறாய்!” என்று டோரிஸ் வெடித்துச் சிரிக்க, மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். இளையவர் சிரிக்கவில்லை. சிரிப்பு தானாக அடங்கியது.

“என்ன தண்ணி வச்சாய்?” என்று கேட்டார்.

“தண்ணிதான்.”

“வெறுந்தண்ணியா?”

“ஓம்.”

“என்ர அக்கா வெறுந்தண்ணி குடிச்சதை நீ எப்பவாவது கண்டனியா?”

ஞானாம்பிகை கண்டதில்லை. மாத்திரை விழுங்கக்கூட அவருக்குத் தேத்தண்ணிதான், கறுப்பாக, சீனி கட்டியாகத் தங்கும் அளவுக்கு. அந்தச் சீனியைக் குறைக்கச் சொல்லி எத்தனை நாள் அவரோடு மல்லுக்கட்டியவள் அவள். வெறுந்தண்ணியை நீட்டினால் மூத்தவர் அதை வாசல் மணலில் ஊற்றிவிட்டுக் குவளையைத் திருப்பித் தருவார்.

“அவளுக்கு வச்சதெண்டால் தேத்தண்ணியெல்லோ வச்சிருப்பாய்” என்றார் இளையவர், கோபமில்லாமல். “ஆருக்கு வச்சனி?”

மணலில் எங்கோ ஒரு காகம் கரைந்தது.

“என்ர அம்மாவுக்கு” என்றாள்.

“எப்ப செத்தவள்?”

“தெரியாது.”

“எங்கே?”

“கடலுக்கு அங்கால. சண்டை நடந்த இடத்தில. தண்ணி இல்லாமல்… நான் பக்கத்தில இல்லை.”

இளையவர் மீண்டும் கதவடியைப் பார்த்தார். “அப்ப குடிக்கிறது அவள்தான்” என்றார். வானிலை சொல்வதுபோல அதைச் சொன்னார். “நீ கூப்பிட்டாய், வந்திட்டாள். பாவம், எவ்வளவு தூரம். இஞ்ச அவளுக்கு ஒரு மரம் தெரியுமா, ஒரு கல்லுத் தெரியுமா? ராவில ஆரோட கதைப்பாள்? என்ர அக்காவோ ஒரு நிமிசம் வாய் மூடமாட்டாள், அதுவும் உன்ர அம்மாவுக்கு விளங்காது.” அவர் டோரிஸைப் பார்த்துத் தலையசைத்தார். “அக்காவுக்கு நாங்கள் சொல்லுவம். மற்றவளுக்கு எங்கட பாசை தெரியாது, நபல்ஜாரி. நீதான் சொல்ல வேணும்.”

கதவைத் திறந்தது அவள்தான். உள்ளே இரண்டு கட்டில்கள், மடித்த கம்பளிகள், சுவரில் சின்னஞ்சிறு நிலா, சிற்றலமாரியின்மேல் குவளை. அவள் விளக்கைப் பிடுங்கினாள்; பகல் வெளிச்சத்தில் அது அணைந்ததுகூடத் தெரியவில்லை. தணலின்மேல் பச்சை இலைகள் விழுந்தன, வெண்புகை சுருண்டு எழுந்தது, கற்பூரமும் வேம்பும் இல்லாத, ஆனால் அவற்றுக்கு எங்கோ தூரத்து உறவான ஒரு மணம். பெண்கள் சுவர்களையும் கட்டில்களையும் கிளைகளால் அடித்துக்கொண்டு தம் மொழியில் உரத்துப் பேசினார்கள், அதட்டுவதுபோல, கெஞ்சுவதுபோல. டோரிஸ் அவளையும் விடவில்லை. இறந்த உடலைக் கழுவிய கைகளைப் பிடித்துப் புகைக்குள் நீட்டினாள், தலையிலும் தோளிலும் இலைகளால் அடித்தாள், “வெளியே போய் ஊத்து” என்றாள். அவள் கண்ணில் நீர் வழியக் குவளையோடு வேலியோரம்வரை நடந்தாள். சொல்ல வேண்டும். போயிட்டு வாங்கோ என்றது நாக்கு. ஓர் ஆயுள் முழுக்க வாசலில் நின்று யாரையும் வேறுவிதமாக வழியனுப்பியதில்லை அந்த நாக்கு. கடைக்குப் போகிறவரை, கப்பலேறுகிறவரை, எவரையும் போங்கோ என்று மட்டும் சொல்லி விட்டதில்லை. செத்த வீட்டில் மட்டுந்தான் போயிட்டு வாறன் என்ற சொல்லைச் சொல்லாமல் எழுந்து வருவார்கள். அவள் எந்தச் செத்த வீட்டிலிருந்து எழுந்து வந்தாள்? இத்தனை ஆண்டுகளும் ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு அமாவாசையும், அவள் அம்மாவுக்குச் சொன்னது அதைத்தான், வாங்கோ, வாங்கோ என்று, கையில் எள்ளை வைத்துக்கொண்டே. அவரும் வந்துகொண்டிருந்தார். வேறென்ன செய்வார், பிள்ளை கூப்பிட்டால்?

குவளையைச் சரித்தாள். செம்மண் ஓசையில்லாமல் குடித்தது.

“போங்கோ அம்மா” என்றாள். அதற்குமேல் அந்தச் சொல் நீள முயன்றது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள்.

வெயில் சாய்ந்தபின் புகை மெலிந்தது. இளையவர் தம்மை வாசல்வரை தள்ளச் சொன்னார். அங்கே நாற்காலியில் இருந்தபடியே, தலையை ஒருபக்கம் சாய்த்து, வெகுநேரம் அறையைக் கேட்டார். அவள் கைப்பிடியைப் பற்றியபடி மூச்சடக்கி நின்றாள். கடைசியில் கிழவி மூக்கைச் சுளித்தார். “சரியான இலை இல்லை, டோரிஸுக்கு எப்பவும் சோம்பல்” என்றார். “என்ர கட்டிலை மலையைப் பாக்கத் திருப்பு. கம்பளி இரண்டும் வேணும். அந்த வெள்ளைக்காரிக்குச் சொல்லு, பிளேனில வேற ஆரையும் ஏத்தட்டும்.” படுத்தார். இருமினார். வைதார். பிறகு, ஞானாம்பிகை கம்பளியின் ஓரத்தைச் செருகிக்கொண்டிருக்கும்போதே, உறங்கிப்போனார். குறட்டை அறையை நிறைத்தது. அவள் வெளியே வந்து நீண்ட நடைவழியில் நின்றாள். காற்று வீசிக்கொண்டிருந்தது, வெறும் காற்று, அதில் வேறு எதுவும் படபடக்கவில்லை. கேட்டுப் பார்த்தாள். மீண்டும் கேட்டுப் பார்த்தாள். இனித் தன்னைத் தேடி இவ்வளவு தூரம் வர ஒருவருமில்லை என்பது உடம்பில் குளிராக ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த அமைதிக்குள் முதல் அடியை எடுத்து வைத்தாள், புதிதாகத் தாயில்லாதவள்போல.